கூடவே வந்த கோடு

விடிய இன்னும் நேரம் இருந்தது. ஏரிக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு விளக்கு. அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு மனிதர் தனியாக நடந்து போகிறார். தோளில் ஒரு அலுமினியக் குழாய். குழாயின் நுனியில் துணி சுற்றிய ஒரு கறுப்புக் கட்டி. உள்ளங்கை அளவு. நாய்கூடக் குரைக்கவில்லை...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். டேய் கொட்டாவி, டார்ச்சை அணை. பேட்டரி தீர்ந்தால் முதலில் அலறப்போவது நீதான்.

நம் வயரிங்காரன் இருக்கிறானே, இன்றைக்கு வரவில்லை, அவனுடைய அத்தானுக்கு நடந்தது இது. கூடப் பிறந்த அக்காவின் கணவர். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். உப்பு, புளி சேர்க்கவில்லை.

அத்தானுக்குப் படகுக் கடையில் வேலை. ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. இன்ஜின் பழுது பார்ப்பது, ஓட்டை அடைப்பது, மீன் காட்டும் கருவி மாட்டுவது. அந்தக் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படகுக்குள் ஒரு சின்னத் திரை. தண்ணீருக்குள் ஒரு சென்சார். சென்சார் கீழ்நோக்கிச் சத்தம் அனுப்பும். அது எதில் பட்டுத் திரும்பினாலும் திரையில் தெரியும். பெரிய படகென்றால் சென்சாரை ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாக மாட்டிவிடலாம். சின்னப் படகுக்கு அது தோதுப்படாது. கரையில் இழுத்து ஏற்றும்போது அடிபடும். விட்டுவிட்டுப் போனால் காலையில் இருக்காது. அதனால் படகின் பின்பலகையில் ஒரு கிளாம்பைக் கவ்வவிட்டுத் திருகுவார்கள். கிளாம்பில் ஒரு குழாய். குழாயின் அடியில் சென்சார். குழாயைப் பிடித்திருக்கும் பின்னை உருவினால் அது கையோடு வந்துவிடும். கிளாம்ப் மட்டும் படகிலேயே இருக்கும்.

அத்தான் அதில் கைதேர்ந்தவர். ரசமட்டம் வைத்துத்தான் குழாயை நிறுத்துவார். ஒரு விரல் சாய்ந்தாலும் சென்சார் நேர்கீழே பார்க்காது, பக்கவாட்டில் பார்க்கும் என்பார்.

இன்னொன்று. சென்சாரைக் காதருகே வைத்தால் சத்தம் கேட்கும். டிக்... டிக்... டிக். ஆழம் அதிகமென்றால் மெதுவாக. ஆழம் குறையக் குறைய வேகமாக. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வீடு அக்கரையில். ஒரு சின்னத் துடுப்புப் படகுதான் அவர்களுக்கு ஸ்கூட்டர். சாயங்காலமானால் அக்கா துடுப்புப் போட்டு வந்து அவரைக் கூட்டிப்போவாள். அவள் ஓட்டுவாள். அவர் முன்னால் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆளுக்கு நீச்சல் தெரியாது.

"படகுக் கடைக்காரர். நீந்தத் தெரியாது. இவரைத்தான் தேடிப் பிடிச்சுக் கட்டி வெச்சாங்க எனக்கு" என்று கரையே சிரிக்கும்படி சொல்வாள். அவர் மேசையில் சென்சார் டிக் டிக்கென்றால், "உங்க கடிகாரத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள்.

ஒரு சாயங்காலம் அவள் வரவில்லை.

படகு கவிழ்ந்து மிதந்தது. பக்கப்பலகை நொறுங்கியிருந்தது. உடைந்த மரத்தில் நீலப் பெயிண்ட் தேய்ந்திருந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு ரப்பர்ச் செருப்பு சிக்கியிருந்தது. இடது கால்.

ஆளைக் காணோம்.

ஏதோ இன்ஜின் படகு மோதியிருக்கிறது, அது மட்டும் தெரிந்தது. போலீஸ் விசாரித்தது. ஏரியில் நீலப் படகு யாரிடமும் இல்லை என்றார்கள். முங்குகிறவர்கள் வந்தார்கள். அந்த ஏரிக்கு அடியில் ஒரு காடே முழுகிக் கிடக்கிறது. மரங்கள் இன்னும் கிளையோடு நிற்கின்றன. அத்தான் கடன் வாங்கிய படகில் சென்சாரை மாட்டிக்கொண்டு தேடினார். ஒவ்வொரு கட்டையும் திரையில் ஒரு ஆளாகத் தெரிந்தது. எதுவும் அவள் இல்லை. கடைசியில் முங்குகிறவர்களும் போய்விட்டார்கள்.

அத்தான் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பான் வயரிங்காரன். சாப்பிடுறீங்களா அத்தான்? சரி. கொஞ்சம் படுங்க அத்தான். சரி. எதைச் சொன்னாலும் ஒரே சொல். ஆனால் தட்டு வைத்தபடியே இருக்கும். பாய் விரித்தபடியே இருக்கும்.

செருப்பைக் கருவிப் பெட்டிக்குள் போட்டு வைத்தார். ஸ்பேனர்களுக்கு அடியில். உடைந்த பலகை கடை மூலையில் நின்றது.

மழைக்காலம் போனது. ஒரு நாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. மேலே வெள்ளைப் படகு. புதுப் பெயிண்ட் வாடை கண்ணை எரித்தது. இறங்கியவர் ஒரு கான்ட்ராக்டர். ரோடு போடுகிறவர். ஏரிக்கரையில் பங்களா வைத்திருக்கிறார். சட்டைப்பையில் இரண்டு போன். இரண்டிலும் சிரிப்பார்.

"தம்பி, இந்த மீன் காட்டுற மிஷின் ஒண்ணு மாட்டணும். நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க."

"மாட்டிடலாம்ணே. பின்பலகைல ரெண்டு ஸ்க்ரூ போட்டா..."

"ஓட்டை போடக்கூடாது."

சட்டென்று வந்தது அந்தச் சொல். அவரே அதைக் கவனித்தார் போல. சிரித்துக்கொண்டார்.

"கழட்டி மாட்டுற மாதிரி இருக்கில்ல, அது. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன். ஒரு கீறல் விழக்கூடாது, சொல்லிட்டேன். கிளாம்புக்கு அடியில ரப்பர் வை."

"சரி."

அத்தான் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. ரப்பரை வெட்டும் முன்னால் வெறும் கிளாம்பை ஒரு தடவை பலகையில் வைத்து லேசாகத் திருகிப் பார்ப்பார், கனம் தெரிய. அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். தண்ணீர்ப் பக்கத்துப் பல் பலகையைத் தொட்டது. பட்டென்று ஒரு செதில் பெயர்ந்து அவர் கையில் விழுந்தது. நகத்தளவு வெள்ளை.

அதைத் திருப்பினார்.

மறுபக்கம் நீலம்.

பலகையிலும் நீலம். வெளியே கான்ட்ராக்டர் போனில் யாரிடமோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தான் எழுந்து மூலைக்குப் போனார். உடைந்த பலகையில் தேய்ந்திருந்த கறைமேல் அந்தச் செதிலை வைத்தார். வைத்த இடம் தெரியவில்லை.

என்னடா கொட்டாவி? போலீஸில் சொல்லியிருக்கலாமே என்கிறாயா? சொல்லியிருக்கலாம். நீலப் பெயிண்ட் எந்தக் கடையில் கிடைக்காது என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். சரி, அவரைப் பிடித்தே உள்ளே வைக்கட்டும். அக்காவைத் திருப்பித் தருவார்களா?

அத்தான் கருவிப் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். செருப்பை எடுத்தார். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. அவள் எப்போதும் குதிகாலை ஊன்றித்தான் நடப்பாள். அந்த இடத்தில் கத்தியை வைத்து ஒரு துண்டு வெட்டினார். கிளாம்பின் தண்ணீர்ப் பக்கத்துப் பல்லுக்கும் பலகைக்கும் நடுவே அதை வைத்தார். உள்பக்கத்துக்குப் பழைய டியூபில் ஒரு துண்டு.

கான்ட்ராக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா ரப்பர் இது? பழசா இருக்கே."

"தண்ணில ஊறாதுண்ணே. பழகின ரப்பர்தான் நல்லாப் பிடிக்கும்."

திருகை இறுக்கினார். கடைசிச் சுற்றில் பலகையைப் பார்த்து மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"பிடிச்சுக்க."

"என்னது?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"காலைல விடியறதுக்கு முன்னாடி ஒரு சுத்து போய்ப் பாத்துரலாம். நீயும் வந்துரு. விருந்தாளிங்க முன்னாடி என்னால அந்த மிஷினப் பாத்து முழிக்க முடியாது."

"சரி."

குழாயையும் சென்சாரையும் துணி சுற்றி எடுத்துக்கொண்டு அத்தான் ராத்திரி படுக்க வயரிங்காரன் வீட்டுக்குப் போனார். அந்தக் குழாயைத்தான் விளக்குக்குக் கீழே தோளில் பார்த்தோம். அந்தச் சாலையில், தனியாக. பேட்டரி கைப்பையில் இருந்தது. வயர் எதிலும் மாட்டவில்லை.

பாதி வழியில் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

டிக்.

நின்றார். துணியைப் பிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

டிக்.

அவ்வளவு மெதுவாக டிக் வர வேண்டுமென்றால் கீழே நல்ல ஆழம் இருக்க வேண்டும். அவர் நின்றது தார்ச்சாலையில்.

நடந்தார்.

படகில் கான்ட்ராக்டர் பின்னால், இன்ஜின் பக்கம். சென்ட் வாடையும் டீ வாடையும். அத்தான் குழாயைக் கிளாம்பில் இறக்கிப் பின்னைப் போட்டார். பேட்டரியை இணைத்தார். திரை வெளிறி எரிந்தது. படகு கிளம்பியது. கரை மங்கலானது.

"உனக்கு நீச்சல் தெரியாதாமே? தண்ணிலயே பொழப்பு, நீச்சல் தெரியாது. தைரியம்டா உனக்கு."

அத்தான் திரையைப் பார்த்தார்.

"உன் வீட்டுல நடந்ததும் கேள்விப்பட்டேன். பாவம். அந்தப் பொண்ணும் படகுல ஒரு விளக்கு வெச்சிருக்கணும். இருட்டுல வந்தா யாருக்குத் தெரியும்?"

"இருட்டு இல்லண்ணே. வெயில் இருந்துச்சு."

அதற்குப் பிறகு இன்ஜின் மட்டும் பேசியது.

அந்தத் திரையைப் படிக்க ஒரு வழி உண்டு. வலது ஓரம்தான் இப்போது. இடது பக்கம் நகர்வதெல்லாம் முடிந்துபோனது. மீன் இருந்தால் வளைவாக விழும். வரும், நெருங்கும், போய்விடும். அதனால் வளைவு.

இரண்டு மூன்று வளைவுகள் வந்தன. கான்ட்ராக்டர் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் அடித்தரைக்குச் சற்று மேலே ஒரு கோடு தொடங்கியது. மெல்லிய கோடு. வளையவில்லை. நீண்டுகொண்டே இருந்தது.

"அது என்ன? பெரிய மீனா?"

"மீன்னா வளையும்ணே."

"அப்ப இது?"

"நாம தாண்டிப் போறது வளையும். நம்ம கூடவே வர்றது எதுவோ, அதுதான் கோடா விழும்."

கான்ட்ராக்டர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கோடு அறுபடவில்லை. மேல்நோக்கிச் சாய ஆரம்பித்தது. வளைத்துத் திருப்பினார். கோடும் திரும்பியது போல அப்படியே வந்தது. இன்ஜின் கோளாறாக இருக்கும், அந்த அதிர்வுதான் திரையில் விழுகிறது என்று அவரே சொல்லிக்கொண்டு இன்ஜினை அணைத்தார்.

அமைதி. படகின் அடியில் தண்ணீர் நக்கும் சத்தம். அதற்கு நடுவே,

டிக். டிக். டிக். டிக்.

"கழட்டுடா அதை."

"சரி."

அத்தான் பின்னை உருவிக் குழாயைத் தூக்கினார். சென்சாரிலிருந்து தண்ணீர் சொட்டியது. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சென்சாருக்குக் கண் அவிந்துவிடும். திரையில் ஒன்றும் விழாது. விழக் கூடாது.

கோடு விழுந்துகொண்டிருந்தது. இன்னும் மேலே... இன்னும் மேலே... டிக்டிக்டிக்டிக்.

பெயிண்ட் வாடை போய்விட்டது. சென்ட் வாடையும். தண்ணீருக்கு அடியில் நாள்கணக்காக அழுகிக் கிடந்த இலையின் வாடை. படகின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. தண்ணீரில் இருக்கிற ஒருவர் ஏறுவதற்காகப் பின்பலகையைப் பிடித்துத் தொங்கினால் எப்படித் தாழும், அப்படி. தண்ணீர் பலகையின் விளிம்புவரை வந்து நின்றது.

கான்ட்ராக்டர் பலகையைப் பார்த்தார். கிளாம்ப் இருந்த இடத்தை. அத்தானுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கான்ட்ராக்டருக்குத் தெரிந்தது.

"விடு" என்றார். அத்தானிடம் சொல்லவில்லை. "விடு. அன்னிக்கே விடுன்னு சொன்னேன்ல..."

அத்தான் அப்போதுதான் வாய் திறந்தார்.

"என்னைக்குண்ணே?"

கான்ட்ராக்டர் திரும்பவில்லை. பலகையிடமே பேசினார்.

"நான் வேணும்னு மோதல. போன்ல பேசிட்டு வந்தேன். நீ ஏன் என் படகைப் பிடிச்ச? ஏத்தினா கேஸ் ஆயிரும்... போலீஸ், பேப்பர்... நான் ஒவ்வொரு விரலாத்தானே எடுத்தேன், அடிக்கக்கூட இல்ல..."

அடிக்கக்கூட இல்லையாம். கேட்டீர்களா?

அப்போது அவர் துடுப்பை எடுத்தார். கிளாம்புக்குப் பக்கத்தில், பலகையின் வெளிப்பக்கம், ஓங்கி அடித்தார். வெள்ளைப் பெயிண்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. உள்ளே நீலம். மறுபடி அடித்தார். மூன்றாவது அடிக்குக் குனிந்தபோது துடுப்பு திரும்பி வரவில்லை. கீழேயே நின்றது. அதைப் பிடித்திருந்த ஆளும் கூடவே போனார். அலறவில்லை. கிணற்றில் வாளி இறங்கும்போது ஒரு சத்தம் வருமே, களக்கென்று... அவ்வளவுதான்.

பிறகு ஒரு கை மேலே வந்து பலகையைப் பிடித்தது. மோதிரம் போட்ட கை. அப்புறம் முகம்.

"தம்பி... கை குடு..."

அத்தானுக்கு நீச்சல் தெரியாதுதான். கை நீட்ட நீச்சல் எதற்கு? அவர் காலடியில் கயிறும் சுருட்டி வைத்திருந்தது.

"சரி" என்றார்.

சொல்லிவிட்டு, மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பலகையைப் பிடித்திருந்த சுண்டுவிரல் முதலில் எழும்பியது. தானாக எழும்பவில்லை. பின்பக்கமாக, யாரோ நிதானமாகப் பிரிப்பது போல. அடுத்து மோதிர விரல். அடுத்தது. கான்ட்ராக்டர் தன் விரல்களைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கட்டைவிரல் போனதும் முகமும் போனது.

திரையில் இப்போது இரண்டு கோடு. ஒன்று நேராக. ஒன்று துடித்துக்கொண்டு. இரண்டும் சேர்ந்து கீழே இறங்கின. மரங்களின் உயரத்தைத் தாண்டி, அடித்தரைவரை. டிக்... டிக்... பிறகு டிக் இல்லை.

கான்ட்ராக்டர் குனிந்தார், தண்ணீரில் விழுந்தார், எனக்கு நீச்சல் தெரியாது என்று அத்தான் போலீஸில் சொன்னார். மூன்றுமே உண்மை. தேடுகிற படகுக்குச் சென்சார் மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். ரசமட்டம் வைக்கவில்லை. குழாயை ஒரு விரல் சாய்த்து மாட்டினார். அவர்கள் ஏரி முழுக்கத் தேடினார்கள். சென்சார் எல்லா இடத்தையும் பார்த்தது, நேர்கீழே தவிர.

ஒரு காலையில் அக்கா வந்து சேர்ந்தாள். அக்கரையில், அவர்கள் வீட்டுப் படித்துறையில். தினமும் படகைக் கட்டுவாளே, அதே கட்டைக்குப் பக்கத்தில். வலது காலில் செருப்பு இருந்தது. அதை வைத்துத்தான் அவள் என்று சொல்ல முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க படகுல மோதினது நீலப் படகுன்னுதானே போலீஸ் சொன்னாங்க?"

"ஆமா."

"நகத்துக்கு அடியில எல்லாம் வெள்ளைப் பெயிண்ட் இருக்கு. புதுப் பெயிண்ட். எப்படின்னு எனக்குப் புரியல."

டாக்டர் ஒரு தட்டை நகர்த்தினார். அவளுடைய மூடிய கைக்குள் இருந்து எடுத்தது. ஒரு ரப்பர்த் துண்டு. குதிகால் தேய்ந்த ரப்பர். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், கிளாம்பின் பல் பதிந்த பள்ளம்.

வயரிங்காரன் போலீஸ் கொட்டகைக்குப் போய் அந்தப் படகைப் பார்த்தான். கிளாம்ப் பலகையிலேயே இருந்ததாம். திருகு ஒரு சுற்றுகூடத் தளரவில்லையாம்.

இதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

முடியவில்லை. அக்கா கரைக்கு வந்துவிட்டாள், நல்லது. அப்படியென்றால் கீழே அந்த ஆளை இப்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சென்சார் அத்தான் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வயர் இல்லை, பேட்டரி இல்லை. போன வாரம் மறுபடி கேட்க ஆரம்பித்ததாம். டிக்... டிக்... மெதுவாக, வெகு ஆழத்திலிருந்து. நாளுக்கு நாள் வேகம் கூடுகிறதாம். வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வாங்க அத்தான் என்று வயரிங்காரன் போனில் கெஞ்சியிருக்கிறான். அதற்கு மட்டும் அவர் 'சரி' சொல்லவில்லை.

"வரட்டும்டா. தண்ணில இருந்தப்பவே கை குடுக்கல. படியேறி வந்தா குடுத்துருவேனா?"

கதவைத் தாழ்கூடப் போடுவதில்லையாம். படித்துறையைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். மடியில் அந்தத் துடுப்பு. ஏரியில் மிதந்து வந்த துடுப்பு.

வயரிங்காரன் இன்றைக்கு வரவில்லை என்றேனே. சாயங்காலம் அவரைக் கூட்டிவர அங்கேதான் போனான். கொஞ்சம் முன்னால் எனக்கு போன் செய்தான். பேசவில்லை. அவனுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் இடைவெளியே இல்லை.

அப்புறம் அது நின்றது. ஈரக் காலோடு யாரோ படியேறும் சத்தம்.